நான் அழுத்திப் பிடித்த கை

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி பாஸ்டர் மூன்று ஞாயிறாகக் கேட்டுவிட்டார். நின்றால் அழுதுவிடுவேன், அழுதால் பேச்சு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸ்தர். கோட்டைக்குப்பத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தாவீது பிக்கப் வண்டி ஓட்டினார். ஏரியில் பிடிக்கிற இறாலையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் ஏற்றி, விடிவதற்குள் மார்க்கெட்டில் சேர்ப்பார். போன வருஷம் அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

நான் ஒரே ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, அவர் வாயைத் திறந்தருளும். ஒரு வார்த்தை போதும்." உபவாசமும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் "சாப்ட்டாரா, தூங்கினாரா" என்று என்னைத்தான் கேட்பார்கள். அவரை யாரும் கேட்கவில்லை. நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். அவருக்காக ஜெபித்தேனே தவிர, அவரிடம் பேசுவதை விட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கஞ்சி ஊட்டும்போது அவருக்குப் புரையேறியது. இருமினார். பிறகு இருமவும் முடியவில்லை. மூச்சு இழுத்தது, உதடு நீலமானது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். மழையில் ரோட்டின் மேல் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். எங்கள் பிக்கப் உயரமான வண்டி, அந்தத் தண்ணீரில் போய்விடும். ஆனால் அவர் விழுந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

என் தம்பி ராஜன் ஓடி வந்து சாவியைத் திருப்பினான். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணன் வந்தார். படகு இன்ஜினைத் தானே கழற்றி மாட்டுகிறவர்.

"டீசலு மேல ஏறல தங்கச்சி. காத்து புடிச்சிக்கினு கீது."

ஃபில்டர் மேலிருந்த பம்பைக் கையால் அமுக்கிக் காற்றை எடுத்தார். பிடிக்கவில்லை. அடியில் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்தார். அப்போதும் பிடிக்கவில்லை. தள்ளிப் பார்க்கலாம் என்று, என் வீட்டுக்காரரைத் தூக்கிக் கதவோரம் முன் சீட்டில் உட்கார வைத்து, நான் நடுவில் உட்கார்ந்து அணைத்துக்கொண்டேன். பெண்கள்கூட வந்து தள்ளினார்கள். வண்டி உருண்டதே தவிர, உயிர் வரவில்லை.

அப்போது அவருடைய இடது கை அடிக்க ஆரம்பித்தது. முன்னால் இருந்த டாஷ்போர்டில் தட், தட் என்று. வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கையை என் இரண்டு கையாலும் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு சத்தம் போட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, அவர் வாயைத் திறந்தருளும்!" அவர் உதறினார். நான் இன்னும் பலமாக அழுத்தினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

முருகேசன் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கத்தினார். அவர் சபைக்கு வருகிறவர் அல்ல.

"கைய வுடு தங்கச்சி! இன்னாவோ சொல்றாரு பாரு!"

விட்டேன். கை நேராக டாஷ்போர்டுக்கு அடியில் போய்த் தடவியது. விரல் எட்டவில்லை. அண்ணன் கதவைத் திறந்து, குனிந்து தேடினார்.

"இங்க ஒரு சுவிட்சு கீதும்மா."

அதைத் தட்டினார். தம்பி சாவியைத் திருப்பினான். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

திருட்டுக்குப் பயந்து வைக்கிற, டீசலை நிறுத்துகிற சுவிட்ச் அது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அதையும் அணைத்து வந்திருக்கிறார். யாருக்குப் பயந்து வைத்தார் என்று போகிற வழியிலேயே எனக்குப் புரிந்தது. அந்த வருஷம் பொங்கலுக்கு, அவருக்குத் தெரியாமல் சாவியை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தவள் நான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே. அவன் குடித்துவிட்டு ஓட்டி, ஏரிச் சேற்றில் இறக்கிவிட்டான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத் தெரிந்தால் தம்பிக்கும் தெரிந்துவிடும் என்று, சொல்லாமலே சுவிட்சை வைத்துவிட்டார்.

"மாமா இத எனக்காவத்தான் வச்சிகீறாரு," என்று ஓட்டிக்கொண்டே தம்பி அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அன்று முதல் அவரிடம் பேச ஆரம்பித்தேன். என் கையை ஒரு தரம் அழுத்தினால் ஆமாம், இரண்டு தரம் என்றால் இல்லை. குழம்பில் உப்பு சரியா, இன்னார் பார்க்க வரலாமா, எல்லாம் கேட்டேன். பாதிப் பேருக்கு இரண்டு தரம் அழுத்தினார்.

ஒன்றை மட்டும் கேட்கப் பயந்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியாம சாவிய எடுத்துக் குடுத்தேனே. என்ன மன்னிச்சிட்டீங்களா?"

கை அசையவில்லை. நான் தலையைக் குனிந்து அழுதேன். பிறகு ஒரு தரம் அழுத்தினார். அழுத்தியவர் விடவில்லை.

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம் கர்த்தருக்குள் நித்திரையானார். கடைசி வரை ஒரு வார்த்தை வரவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது, மறைக்க மாட்டேன். வண்டியை இப்போது தம்பிதான் ஓட்டுகிறான். குடியை விட்டிருக்கிறான். அவனுக்காகவும் ஜெபியுங்கள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் பேச முடியாமல் படுத்திருக்கலாம். கர்த்தர் கேட்கிறார், நம்பி ஜெபியுங்கள். எந்த வழியாகப் பதில் தர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஜெபம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, படுத்திருப்பவர் முகத்தைப் பாருங்கள். கர்த்தர் எனக்கு இன்னும் ஐந்து மாதம் கூட்டிக் கொடுத்தார், அவருக்கு ஸ்தோத்திரம். அது கிடைக்காமல் போயிருந்தால், மன்னிப்புக் கேட்காமலே என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணியிருப்பேன்.