வெளியூர் ஆட்டம்

லீக் பட்டியலில் எந்த அணி மேலே, எந்த அணி கீழே என்பதெல்லாம் சோப்பக்காவுக்குத் தெரியாது. எந்த ஊர் மண் எந்த நிறம் என்று தெரியும். கல்குவாரி ஊரில் பையன்கள் விளையாடிவிட்டு வந்தால் உடையை ஊறவைத்த தண்ணீர் எத்தனை தடவை மாற்றினாலும் டீ மாதிரியே இருக்கும். ஆற்றங்கரை ஊரின் களிமண் கறுப்பு. அதை நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் புதிதாகக் கட்டிய ஸ்டேடியத்தில் மண்ணே கிடையாது, பிளாஸ்டிக் புல். அங்கே ஆடிவிட்டு வந்தவர்களின் காலுறையை உதறினால் மிளகு போலக் கறுப்பு ரப்பர் துகள் கொட்டும்.

கால்பந்து கிளப்பின் உடைகளைத் துவைப்பது அவள் வேலை. கிளப் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் இரண்டு மெஷின்கள். ஒன்று துவைக்கும், மற்றது சுற்ற மட்டும் செய்யும். கிளப் வேனை ஓட்டுவது அவள் கணவர். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. "அழுக்கு வீடு தேடி வருது. நான் வேற அதைத் தேடிப் போகணுமா?" என்பாள்.

பேச்சு குறைவு, பார்வை அதிகம். கல்யாணமான புதிதில் மாமியார் அவளை ஊமைக் கோட்டான் என்று சொன்னதுண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வது அவளுக்கு வராது. அதனால்தான் கணவரின் பேன்ட் மடிப்பில் முதன்முதலாக வைக்கோல் துணுக்கைப் பார்த்தபோதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக் கீழே போட்டாள். அடுத்த தடவை போடவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடியும்வரை வேனிலேயே உட்கார்ந்திருப்பதாகத்தான் அவர் சொல்வார். வேனுக்குள் வைக்கோல் ஏது?

அதிலிருந்து கவனிக்க ஆரம்பித்தாள். குவாரி ஊருக்குப் போனால் பேன்ட் சுத்தம். ஆற்றங்கரைக்குப் போனாலும் சுத்தம். நெடுஞ்சாலைப் பக்கத்து ஊர்களுக்குப் போன நாளில் மட்டும் மடிப்பில் வைக்கோலும் முழங்கால்வரை புழுதியும். ஸ்டேடியத்துக்குப் போய்வந்த ஒரு நாள் பதினோரு பேரின் காலுறையிலும் ரப்பர் மிளகு. அவர் காலில் மட்டும் நல்ல வயல் மண்.

மூட்டையைக் கொண்டுவந்து போட்ட கோல்கீப்பரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் என்று அவனுக்குப் பெயர். பந்து எப்படியும் உள்ளே போய்விடும் என்பதால் கிண்டலாக வைத்த பெயர்.

"அண்ணன் உங்களை இறக்கி விட்டுட்டு எங்கடா போறாரு?"

"வண்டி நிறுத்தக்கா."

"ஆட்டம் முடியற வரைக்குமா நிறுத்துறாரு?"

"கூட்டம்க்கா."

"உங்க ஆட்டத்துக்கா?"

சுவர் தலையைச் சொறிந்தான். "எங்களுக்கு யாருக்கா வர்றா? அந்தப் பக்கம் வயல்ல பாட்டு விழா. அறுப்பு முடிஞ்ச நிலமெல்லாம் சும்மாத்தானே கிடக்கு, ஊருக்கு ஊர் மேடை போட்டுடறாங்க. பந்து டவுன்ல, பாட்டு வயல்ல. ரெண்டுக்கும் ஒரே ரோடு. அதான் நெருக்கடி." இதைச் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான். அவன் இவ்வளவு வேகமாக நகர்ந்து அவள் பார்த்ததில்லை.

பாட்டாம். வீட்டில் ரேடியோ போட்டாலே தலைவலி என்று அணைக்கிற மனுஷன். பாட்டுக்காகப் போகவில்லை என்றால் ஆளுக்காகத்தான் போக வேண்டும்.

தங்கை போனில் விசாரணை நடத்தினாள். "சட்டையில முடி இருக்கா பாருக்கா."

"இருக்கு. அவரோடது. வாராவாரம் கொட்டுது."

"சென்ட் வாசனை?"

"டீசல்."

"சிரிக்காத. நேர்ல போய்ப் பாரு. உண்மைன்னா நேரா இங்க வந்துடு. ரூம் சும்மாத்தான் இருக்கு."

உண்மையானால் சத்தம் போடாமல் போய்விடுவது என்று சோப்பக்கா முடிவு செய்தாள். மாற்றுத் துணி இரண்டைக் கைப்பையில் திணித்தாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவர் வாசலில் நின்று, "ஆட்டத்துக்குப் போயிட்டு வரேன்" என்றார். "சரிங்க" என்றாள். வேன் தெரு முனை திரும்பியதும் பஸ் பிடித்தாள்.

ஸ்டேடியம் வாசலில் வேன் இல்லை. டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டாள். "நீல வேனா? அது வயல் பக்கம் போயிருக்கும். எப்பவும் அங்கதான் போகும்" என்றார்.

வரப்பு வழியாக நடந்தாள். மேளச் சத்தம் முதலில் காலுக்குத்தான் கேட்டது. பிறகு மேடை தெரிந்தது, ஸ்பீக்கர்கள் தெரிந்தன, புழுதி கிளம்பாமல் இருக்க வயல் முழுக்கப் பரப்பியிருந்த வைக்கோலும் தெரிந்தது. ஜெனரேட்டர் லாரிக்குப் பின்னால் ஒதுங்கி, தலைகளுக்கு நடுவே தேடினாள்.

மேடைக்கு முன்னால் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

நன்றாக ஆடினார் என்று சொல்ல முடியாது. தொப்பை ஒரு தாளத்திலும் கால் ஒரு தாளத்திலும் போயின. ஆனால் அந்த முகம். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவள் பார்க்காத முகம். பக்கத்தில் மஞ்சள் துப்பட்டா போட்ட ஒருத்தி, அவர் கால் போகிற பக்கமே தானும் கால் வீசினாள்.

சோப்பக்கா கூட்டத்துக்குள் நுழைந்து அவர் எதிரில் போய் நின்றாள். அவர் கண் நின்றுவிட்டது. கால் மட்டும் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது.

"நீ எங்க இங்க?"

"யாரு அந்த மஞ்சத் துணி?"

அவர் திரும்பிப் பார்த்தார். "தெரியலையே. ஆட வந்தவ போல."

"வேன்லயே உக்காந்திருக்கறதா சொன்னீங்க."

"கொஞ்ச நேரம் உக்காருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஆட்டத்துக்குப் போறேன்னு வாராவாரம் சொல்லிட்டுத்தானே வரேன்."

சிரிப்பு தொண்டைவரை வந்தது. அதை விழுங்கியபோது கோபம்தான் கூடியது. எத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லைத் தப்பாகவே கேட்டிருக்கிறாள்.

"பாட்டுன்னா தலைவலிம்பீங்க."

"கேட்டா கால் நிக்காது. அதான் அணைச்சிடுவேன்."

"வீட்டுல ஆடினா என்ன?"

அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். "வீட்டுல நீ பாப்பியே."

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தாள்.

"என்னக்கா, பொம்பளைதானே?" என்றாள் தங்கை.

"ஒருத்தி இல்லடி. ஊரே இருக்கு."

"ஐயையோ. கிளம்பி வந்துடு."

சோப்பக்கா கணவரைப் பார்த்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஆட்டத்தில் பாதியில் வெளியே அனுப்பப்பட்ட பையன் மாதிரி நின்றார். இப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போனால் இனி ஆட மாட்டார். பேன்ட் சுத்தமாக வரும். அந்தச் சுத்தத்தைப் பார்த்தால் தனக்கு என்னென்ன தோன்றும் என்று யோசித்துப் பார்த்தாள்.

"வரலடி. அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

"ஆடுங்க" என்றாள் அவரிடம்.

"நீ நிக்கிற."

"நான் பாக்கல. ஆடுங்க."

ஜெனரேட்டர் லாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். மேடையில் அடுத்த பாட்டு தொடங்கியது. பிறகு முதுகுக்குப் பின்னால் வைக்கோல் மிதிபடும் சத்தம், முதலில் மெதுவாக, பிறகு தாளத்தோடு. திரும்பவே கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பவுமில்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் மட்டும், அந்த மஞ்சள் துப்பட்டா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டாள்.