எலியா, மனுசனா?

சவரக்கத்தி தொண்டைக்குழிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சோலையப்பன் செய்தியை ஆரம்பிப்பார்.

"அண்ணே, சேதி தெரியுமா? நேத்து ப்ளூட்டோவக் கெரகம் இல்லன்னுட்டாக."

நாற்காலியில் சாய்ந்திருப்பவரால் கண்ணை மட்டும்தான் உருட்ட முடியும். மறுத்துப் பேசினால் ரத்தம் வரும். எதிர்க்கட்சி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

"ஏண்ணே, விசா கேன்சலா?"

"ஊருக்கெல்லாம் அனுப்பலப்பா. போர்மேனா இருந்துச்சு, ஹெல்பராக்கிட்டாக. அதே ரூட்லதான் சுத்துது."

"அதுக்கும் நம்ம கம்பெனிதானா?" என்றது பெஞ்ச்.

துபாய் தேராவில், நாயிஃப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது அந்த சலூன். மூன்று நாற்காலிகள். மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தாலும், வெள்ளிக்கிழமைகளில் பரமக்குடிக்காரர் சோலையப்பனின் நாற்காலிக்குத்தான் வரிசை நிற்கும். செய்திகளை அவர் மூன்று ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறார்: ஷேவிங் செய்தி, கட்டிங் செய்தி, டை செய்தி. ப்ளூட்டோ ஷேவிங்கில் முடிந்துவிடும். டைனோசர் அழிந்த கதைக்குக் கட்டிங் வேண்டும். கருந்துளை டை அடிக்கிறவர்களுக்கு மட்டுமே. சாயம் காயும்வரை ஆள் எழுந்து ஓட முடியாது.

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர். கடை திறப்பதற்கு முன் ஆங்கிலப் பேப்பரின் விஞ்ஞானப் பக்கத்தை விரல் வைத்து வரிவரியாக வாசிப்பார். புரியாத சொல்லை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டு வருவார். ஈரக் கையோடு அவர் கன்னத்தைத் தடவ, 'ஹார்மோன்' என்ற சொல்லில் பாதி தாடையில் ஒட்டிக்கொள்ள, அப்படியே எழுந்து போன வாடிக்கையாளர்களும் உண்டு.

சில மாதங்களாக ஒரு புதுப் பழக்கம். உடம்பு சம்பந்தப்பட்ட சேதி என்றால், முதல் வரியிலேயே சோதிக்கப்பட்டது எலியா மனுசனா என்று சொல்லிவிடுகிறார். "இது எலிச் சேதிண்ணே. இன்னும் மனுசன் வரைக்கும் வரல." சொல்ல மறந்தால் பெஞ்ச் கேட்கும்: "எலியா, மனுசனா?" ப்ளூட்டோவுக்குக்கூடக் கேட்டார்கள்.

அதற்குக் காரணம் கார்மேகம். ஜெபல் அலி குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாரம் தவறாமல் சோலையப்பனிடம் முகத்தைக் கொடுத்தவர், சர்க்கரை வியாதிக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை, வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கிறதாம் என்ற சேதியை அவருக்காகவே எடுத்து வைத்திருந்தார் சோலையப்பன். நீளமான சேதி. கடைசிப் பத்தியில் எலிகள் இருந்தன. அதற்குள் ஷேவிங் முடிந்துவிட்டது. அடுத்த ஆள் துண்டை உதறிக்கொண்டு நின்றார். முடியை வெட்டுவதுபோலச் சேதியையும் நுனியில் வெட்டிவிட்டார் சோலையப்பன்.

கார்மேகம் போகிற வழியிலேயே மசாலாக்கடையில் வெந்தயம் வாங்கினார். மாத்திரையை நிறுத்தினார். அடுத்த மாதம் வண்டி ஓட்டும்போதே கண் இருட்டி, ரேக்கில் இடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பெனி அவரை வண்டியிலிருந்து இறக்கி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையில் போட்டது. சலூன் பக்கம் வருவது நின்றது.

கேள்விப்பட்டதும், லீவு நாளில் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து கார்மேகம் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்குப் போனார் சோலையப்பன். கார்மேகம் கட்டிலில் படுத்திருந்தார். திட்டவில்லை. அதுதான் சோலையப்பனுக்குத் தாங்கவில்லை.

"நான் மட்டும்னா பரவால்லண்ணே," என்றார் கார்மேகம். "நீங்க சொன்னதுன்னு மெஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். நாலஞ்சு பேரு மாத்திரைய விட்டுட்டாய்ங்க."

சோலையப்பன் நேரே மெஸ்ஸுக்குப் போனார். தட்டும் கையுமாக நின்ற கூட்டத்துக்கு நடுவே பேப்பரை விரித்தார். கையில் கத்தி இல்லை. எதிரே இருந்த எல்லோராலும் பேச முடியும். அந்த மாதிரிக் கூட்டத்துக்கு அவர் பழகியவர் இல்லை.

"எலிக்குக் கொடுத்துத்தான் பாத்துருக்காக. மனுசனுக்கு இன்னும் பாக்கல. மாத்திரைய விடச் சொல்லி இதுல எங்கயும் இல்ல. நான் பாதிதான் சொன்னேன். நாளைக்கே எல்லாரும் மாத்திரையப் போடுங்க, டாக்டரப் பாருங்க."

"அப்ப நாங்கல்லாம் எலியாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெஸ் சிரித்தது. கதவோரம் வந்து நின்றிருந்த கார்மேகம் சிரிக்கவில்லை.

அந்த வாரமே எல்லோரும் மாத்திரைக்குத் திரும்பினார்கள். 'எலி சலூன்' என்று கேம்ப்பில் பேரும் ஆனது. அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் சோலையப்பன் கார்மேகத்துக்குச் சுகர் எப்படி என்று விசாரித்தார். "இப்பப் பரவால்லண்ணே" என்பார்கள். "இந்தப் பக்கம் வருவாரா?" என்று மட்டும் அவர் கேட்டதில்லை.

ப்ளூட்டோ பதவி இறங்கிய மறுநாளான இந்த வெள்ளிக்கிழமை, கதவு திறந்தது. கார்மேகம். கொஞ்சம் இளைத்திருந்தார். பெஞ்ச் தானாக நகர்ந்து வழிவிட்டது.

"வண்டியக் கொடுத்துட்டாங்களா?" என்றார் சோலையப்பன்.

"இன்னும் இல்லண்ணே. அடுத்த மாசம் மெடிக்கல் பாத்துட்டுத் தரேன்னுருக்காங்க." கார்மேகம் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கழுத்தைக் கொடுத்தார்.

துணியைப் போர்த்தி, நுரையைக் குழைத்துத் தடவினார் சோலையப்பன். கத்தி தொண்டைக்குழிக்கு வந்தது. பெஞ்ச் காது கொடுத்துக் காத்திருந்தது. செய்தி வரவில்லை.

சோலையப்பன் கத்தியை மடக்கிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். ஈரத்துண்டை எடுத்து, வாய் திறந்து பேசத் தோதாக, கார்மேகத்தின் உதடுகளைச் சுற்றியிருந்த நுரையை மட்டும் சுத்தமாகத் துடைத்தார். பிறகுதான் ப்ளூட்டோவைத் தொடங்கினார்.