இராசையா அண்ணையின் பேஸ் கிண்ணியாவுக்குப் போனது

இராசையா அண்ணையின் மொறிஸ் மைனர் காரின் முன்பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரு கதிரைதான் இருந்தது. அது ஓட்டுபவருக்கு. மற்றதை, கார் வாங்கிய கிழமையே அவர் கழற்றிவிட்டார். அந்த இடம் டபுள் பேஸுக்கு. வயலினின் வடிவம், ஆளை விட உயரம், நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். அதை வேறு எந்த விதமாகவும் அந்தக் காருக்குள் ஏற்ற முடியாது.

அதனால் அவருடைய மனைவி குணேஸ்வரி அக்கா, கலியாணம் முடித்த நாளிலிருந்து பின் கதிரையின் மூலையில்தான் பயணம் செய்தார். "ஊர்ச் சனம் என்னை டிரைவர் வைச்சிருக்கிற பெரிய இடத்துப் பொம்பிளை எண்டு நினைக்குது" என்று சொல்வார். மூத்த மகளைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் பேஸ் காருக்குள்தான் இருந்தது. இறக்க நேரமில்லை என்பது அண்ணை சொன்ன காரணம். கழற்றிய கதிரை விறாந்தையில் கிடந்தது. வருகிறவர்கள் அதில் இருந்துதான் தேநீர் குடிப்பார்கள்.

கிழமை நாட்களில் அண்ணைக்குத் துறைமுகப் பட்டறையில் கடைசல் வேலை. சனிக்கிழமைகளில் பேஸ். கலியாண வீடு, விடுதி, புல்மோட்டையில் கனிய மணல் தொழிற்சாலை ஊழியர்களின் ஒன்றுகூடல் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். கூடவே அதே பட்டறையில் வேலை செய்த கிண்ணியா அஷ்ரப், தன் அக்கோர்டியனோடு.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எல்லாரும் வீடுகளை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது அண்ணையின் கார் இல்லை, கதவுகள் இல்லை, அலுமாரி இல்லை. பேஸ் மட்டும் அறை மூலையில் நின்றது. எடுத்துப்போக வந்தவர்களுக்கு அது என்ன சாமான் என்று விளங்கவில்லை என்பார்.

நான் அன்புவழிபுரத்தில் அவருடைய பக்கத்து வீடு. பெயர் தங்கேஸ்வரி. சைப்பிரஸில் பதினாலு வருடம் முதியோரைப் பராமரித்துவிட்டு வந்தவள். அதற்கான பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது, அங்கே பழகிய கார் ஓட்டமும் இருக்கிறது. குணேஸ்வரி அக்காவின் கடைசி எட்டு மாதமும் நான்தான் பார்த்தேன். இப்போது அண்ணையின் மாத்திரைகளும் சீனி அளவும் என் பொறுப்பு.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அஷ்ரப் தொலைபேசி எடுத்தார். மறுநாள் காலை மகள் பஸ்மியா அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறாள், இனி அங்கேதான், வீட்டைப் பூட்டப்போகிறார்கள் என்றார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தால், பொழுதுபடச் சொல்லும் மஃரிப் பாங்கு வரை ஒரு தரம் சேர்ந்து வாசிக்கலாம். அவருக்கு எண்பத்துமூன்று வயது. அண்ணைக்கு எண்பத்தொன்று, முழங்கால் இரண்டும் சரியில்லை. இதை விட்டால் இன்னொரு தரம் கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

நான் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் அண்ணை பேஸை என் காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். என்னுடையது சின்ன மாருதி.

"தங்கேஸ், முன் சீற்றைக் கழட்டுவம். நாலு ஆணிதான்."

"என்ரை காரிலை ஒரு ஆணியும் கழட்டேலாது. குணேஸ் அக்கா பொறுத்தவ, நான் பொறுக்கமாட்டன்."

"அப்ப எப்பிடி ஏத்திறது?"

"தள்ளி நில்லுங்கோ அண்ணை."

முன் கதவால் மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் பேஸ் இடுப்பில் மாட்டியது. பிறகுதான் யோசித்தேன். பாரமான நோயாளியைக் கையைக் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. கீழே படுக்கை விரிப்பைப் போட்டு, விரிப்பைத்தான் இழுக்க வேண்டும். பின் சீற்றின் இடப்பாதியை மடித்தேன், முன் இடப்பக்கச் சீற்றைப் படுக்க வைத்தேன். பேஸை வெள்ளை விரிப்பில் கிடத்திச் சுற்றி, பின்கதவால் வழுக்கி உள்ளே விட்டேன். கழுத்துக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று. அடிப்பக்கம் மட்டும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பின்கதவைக் கயிற்றால் கட்டினேன்.

"பொலிஸ் பிடிப்பான். நீட்டி நிக்கிறதுக்குச் சிவப்புத் துணி கட்டோணும்" என்றார் அண்ணை.

"சிவப்புக்கு நான் எங்கை போறது? வெள்ளைதான் இருக்கு. காத்திலை ஆடினால் காணும்."

பழைய வெள்ளைத் தலையணை உறையொன்றைக் கட்டினேன். அண்ணையை எனக்குப் பின்னால் ஏற்றினேன். அவருக்கு இடப்பக்கத்தில் பேஸ் சுவர்போல அவரை மறைத்துக்கொண்டு கிடந்தது. நாலரைக்குப் புறப்பட்டோம்.

சீனக்குடா தாண்டும்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஓரத்தில் நின்று தலைக்கவசத்தைக் கழற்றினார். ஒரு கடையில் கதவைப் பாதி சாத்தினார்கள். பின்னால் வந்த தனியார் பஸ் ஹோர்ன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. வயதான பெண் ஓட்டுகிறாள் என்று மரியாதை தருகிறார்கள் என நினைத்தேன்.

"சனம் திருந்தீட்டுது, தங்கேஸ்" என்றார் அண்ணை.

வெள்ளைமணலில் தேநீர்க் கடை வாசலில் முனீப் நின்றார். அவரும் பழைய பட்டறை ஆள், என் காரை நன்றாகத் தெரியும். நான் கையசைத்தேன். அவர் கையசைக்காமல் கண்ணைத் துடைத்தார். புழுதியாக்கும் என்று போய்விட்டேன். அந்த நிமிடமே அவர் அஷ்ரப்புக்குத் தொலைபேசி எடுத்த விஷயம் எங்களுக்குத் தெரியாது.

கிண்ணியாப் பாலத்தில் எதிரே வந்த ஓட்டோ ஒன்று ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார்.

"நிப்பாட்டு தங்கேஸ், நிப்பாட்டு! உள்ளுக்கை இருக்கிறது அஷ்ரப்பெல்லே!"

நிறுத்தினேன். அண்ணை கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"டேய், என்னை வரச் சொல்லிப்போட்டு நீ எங்கையடா போறாய்?"

அஷ்ரப் அந்தத் தலையைப் பார்த்தார். வெள்ளையால் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"நீ மௌத்தாகிட்டாய் எண்டு மட்டுந்தான் முனீப் சொன்னான். ஒன்ட மையத்தப் பாக்க ஒன்ட ஊட்டுக்குத்தான் போறன்."

"நான் இஞ்சை இருக்கிறன்."

"அப்ப இதுக்குள்ள கிடக்கிறது ஆரு?"

"பேஸ்."

அஷ்ரப் என் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள, வெள்ளையச் சுத்தி, வெள்ளையக் கட்டி… ஊரையே எழும்பி நிக்க வெச்சிட்டியே!"

அந்த ஓட்டுநர் சவத்துக்கு மரியாதை என்று நிறுத்தாமல் போயிருந்தால், அஷ்ரப் அன்புவழிபுரத்திலும் நாங்கள் கிண்ணியாவிலுமாகப் பொழுது போயிருக்கும்.

"ஒனக்காக அழுதும் போட்டன் மச்சான். அவ்வளவும் வீண்."

"வைச்சிரு. பிறகு தேவைப்படும்."

அஷ்ரப் இறங்கி வந்து வெள்ளை உறையைத் தன் கையாலேயே அவிழ்த்தார். ஓட்டோவைத் திருப்பி முன்னால் விட்டார், நான் பின்னால் போனேன்.

வீட்டில் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். அக்கோர்டியன் உடுப்புப் பெட்டிக்குள் இருந்தது. பஸ்மியா முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். மிஞ்சியது அரை மணித்தியாலம். அண்ணையால் நெடுநேரம் நிற்க ஏலாது. சாப்பாட்டு மேசையை இழுத்து அவருடைய இடுப்புக்கு முட்டுக் கொடுத்தேன்.

பாலம் கட்டுவதற்கு முன் கிண்ணியாவுக்குப் 'பாதை'யில்தான் வருவார்கள். வாகனங்களை ஏற்றிக் கடக்கும் அந்த மிதவை கரையில் முட்டும்போது மொறிஸ் குலுங்கும். உள்ளே பேஸ் தானாகவே ஒரு முறை முழங்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அஷ்ரப் காருக்கு வெளியே நின்றபடியே முதல் பாட்டைத் தொடங்குவாராம். குணேஸ்வரி அக்கா படுக்கையில் கிடந்தபோது இதை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

அண்ணை உள்ளங்கையால் தடித்த தந்தியில் ஒரு தட்டுத் தட்டினார். அஷ்ரப் சிரித்துவிட்டுத் தொடங்கினார்.

நன்றாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அஷ்ரப்பின் இடக்கையில் இரண்டு விரல் மடங்காது. அண்ணை இரண்டு இடத்தில் பிந்தினார். ஆனால் ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்தார், பாட்டு எங்கேயும் நிற்கவில்லை. பஸ்மியா கையில் மடித்த சேட்டோடு கதவடியில் நின்றாள். நான் நேரம் பார்க்க மறந்துபோனேன். அது என் வழக்கமில்லை.

பாங்கு கேட்டதும் அண்ணை தந்தியைக் கையால் பொத்தினார். அஷ்ரப் அக்கோர்டியனை மூடினார், தொப்பியை எடுத்தார்.

"நான் தொழுதிட்டு வாறதுக்குள்ள நீ போயிருக்கோணும், ராசையா. வாசல்ல நிண்டு விடை சொல்ற வேல நமக்கு வேணாம்."

"ஓம். நீ போ."

அவர் பள்ளிவாசல் பக்கம் நடந்தார். நான் விரிப்பை நிலத்தில் போட்டேன். இந்த முறை ஏற்றுவதற்கு நாலு நிமிடம்தான் எடுத்தது. அண்ணை ஒரு யோசனையும் சொல்லவில்லை. தானாகவே போய்ப் பின் சீற்றில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, "எடு தங்கேஸ், அவன் வரப்போறான்" என்றார்.