குழலுக்கு அடியில் இருந்த எண்

என் அப்பா துப்பாக்கியை மாற்றிவிட்டார் என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னவர், அப்பா பாதி வாழ்நாள் காவல் காத்த காட்டுக்குச் சொந்தக்காரரின் மகன்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்க் கடலைக்காட்டில் பன்றி இறங்கும். அதை விரட்டக் காட்டுக்காரர் வீட்டில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் காட்டுக்காரரான பெரியவர் பேரில். துப்பாக்கியைக் காட்டுக்குத் தூக்கிப்போகும் ஆளாக அப்பாவின் பேரும் அதில் உண்டு. ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம் வைக்கும்போது, தன் அப்பாவுக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் பரிசாகக் கொடுத்த இங்கிலாந்துத் துப்பாக்கி அது என்று பெரியவர் சொல்வார். ஊரே நம்பியது, அப்பா உட்பட.

பெரியவர் இறந்ததும் மதுரையிலிருந்து மகன் வந்தார். துப்பாக்கியைக் கடையில் காட்டி விலை கேட்டார். இது பெல்ஜியத்தில் செய்தது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் அசல் எங்கே? லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் மறுநாள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போதே புகாரும் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அப்பா சாப்பிடவில்லை. "ஸ்டேஷன்ல அவுக பேச்சக் கேப்பாகளா, எம்பேச்சக் கேப்பாகளா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் ஒரு பொருளின் மேல் ஏதாவது பொறித்திருந்தால் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியும் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. செய்தி கேட்டு அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸிலேயே, பெல்ஜியத்துத் துப்பாக்கிகளில் அடிக்கும் முத்திரைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் போனில் படித்துவிட்டேன்.

அப்பாவும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். மகன் நாற்காலியில் இருந்தார். அப்பா நின்றார். துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் சார் என்றேன். அந்தக் கூடத்தில் எங்கள் ஆட்கள் யாரும் 'ஐயா'வைத் தவிர வேறு சொல் சொன்னதில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

"தொட்டு எதாச்சும் ஆச்சுன்னா?"

"எங்கப்பா தொடாத துப்பாக்கியா சார்?"

அப்பா குழல்கள் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். குழலுக்குக் கீழே கைபிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினார், குழல்களைத் தனியே எடுத்தார். குழலுக்கு அடியில் ஓர் எண். குழல்கள் பொருந்தும் உடம்பிரும்பிலும் அதே எண், முன்கட்டைக்குள் இருந்த இரும்பிலும் அதே. லைசென்ஸைக் கேட்டு வாங்கி இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தேன். எதுவும் பிசகவில்லை.

மகன் சிரித்தார். "நம்பர்தான? பட்டறையில குடுத்தா எதுல வேணும்னாலும் அடிச்சுத் தருவான்."

குழலை ஜன்னல் பக்கம் திருப்பி, போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். எண்ணை ஒட்டி நீள்வட்ட முத்திரை ஒன்று இருந்தது. குழல் வெடிதாங்குமா என்று சோதித்து பெல்ஜியத்தில் அடிப்பது. அதன் விளிம்பு எண்ணின் கடைசி இலக்கத்தை வெட்டிக்கொண்டு போயிருந்தது. அப்படியானால் எண் முதலில், முத்திரை பிறகு. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரன் பெல்ஜியத்துக்கு முன்னால் எண் அடித்திருக்க முடியாது.

சொன்னேன். அவர் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப இது எந்த வருசத்துது?" என்றார்.

அதுவும் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை எழுத்து சோதனை நடந்த வருடத்துக்கான அடையாளம். அப்பாவைப் பார்த்தேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ, வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார். ஆனால் நான் பாதியில் நிறுத்தினால் சந்தேகமும் பாதி மிஞ்சும். அந்தப் பாதியோடு அவர் ஸ்டேஷனுக்குப் போவார்.

"சுதந்திரத்துக்குப் பெறகு செஞ்சது சார். வெள்ளைக்காரக் கலெக்டர் குடுத்திருக்க முடியாது. உங்க வீட்டுல இருந்தது எப்பவும் இதுதான்."

சுவரில் மாலை போட்டிருந்த பெரியவர் படத்தை அவர் ஒருமுறை பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இத வெளிய சொல்ல வேணாம்."

"சொல்ல மாட்டோம் சின்னய்யா" என்றார் அப்பா உடனே.

நான் குறுக்கே பேசினேன். "எங்கப்பா சொல்ல மாட்டாரு. நானும் சொல்லாம இருக்கணும்னா, டீக்கடையில பேசுனத நீங்க டீக்கடையிலயே வந்து மாத்திப் பேசணும் சார்."

இங்கே யார் பேரையும் நான் எழுதாததற்குக் காரணம் அன்று கொடுத்த அந்த வாக்குதான்.

சாயங்காலம் அவர் டீக்கடைக்கு வந்தார். அப்பாவும் நானும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். கடைக்காரர் நீட்டிய டீயை வாங்காமல் நின்றபடியே, தான் தவறாகச் சொல்லிவிட்டதாகவும் துப்பாக்கி அதேதான் என்றும் பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னார். அப்பா பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"அப்ப அந்தக் கலெக்டரு குடுத்ததுதான?" என்று கேட்டார் கடைக்காரர்.

மகன் என்னைப் பார்த்தார்.

அப்பாதான் பதில் சொன்னார். "பெரியய்யா எங் கையில குடுத்தாகல்ல, அது." சொல்லிவிட்டு, சின்னய்யா நின்றுகொண்டிருக்கும்போதே பெஞ்சில் உட்கார்ந்தார்.