மூங்கிலில் புதைத்த தேயிலை

வாளையார் சோதனைச் சாவடியில் பாலக்காட்டுப் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் சிமென்ட் லாரிகள். அவற்றுக்கு முன்னாலும் லாரிகள். அன்று காலை கோயம்புத்தூர் மருத்துவமனையில் எங்களுக்குச் சொல்லப்பட்டதைப் பற்றி நானும் என் மனைவியும் அதுவரை ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. அவள் வயிற்றில் வளர்ந்திருக்கும் கட்டியை இனி அறுத்துப் பயனில்லை, அவர் விரும்பியதைச் சாப்பிடட்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். மருத்துவர்கள் அதை ஒரு சலுகை போலச் சொல்கிறார்கள்.

சன்னல் கம்பியில் படிந்திருந்த வெண்துகளை விரலால் துடைத்தபடி அவள் சொன்னாள்: "கேட்டேளா, எனக்கு லப்பெ திங்கணும்போல இருக்கு."

"அது எங்கே கிடைக்கும்?"

"ரங்கூன்ல. போய்ட்டு வாங்கோளேன். இந்த லாரியெல்லாம் நகர்றதுக்குள்ள வந்துடலாம்."

அவள் ரங்கூனில் பிறந்தவள். அங்கே ஒரு கம்பெனியில் அவள் தந்தை கணக்கெழுதிக்கொண்டிருந்தார். போர் வந்தபோது குடும்பம் பாலக்காட்டுக்குத் திரும்பியது. லப்பெ என்பது புளிக்கவைத்த தேயிலை. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி அதை அறைகள் பிரித்த ஒரு வட்டப் பெட்டியில் வைத்திருப்பாராம். நடுவில் கரும்பச்சை இலை, சுற்றிலும் வறுத்த எள், வேர்க்கடலை, பூண்டு, காய்ந்த இறால். இறாலை மட்டும் ஒதுக்கிவிட்டு இவளுக்குத் தருவாராம். வீட்டுக்குள் பூண்டு நுழையாத குடும்பம். திரும்பி வந்ததும் அம்மா வாயை மோந்து பார்ப்பாள் என்பதற்காக வழியில் கொய்யா இலையை மென்றுகொண்டு வருவாளாம். எங்கள் மணவாழ்வில் இந்தக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பண்டத்தை அவள் ஒருமுறையும் கேட்டதில்லை.

அவளுடைய தமையன் சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடை போட்டிருக்கும் தெருவில் விசாரித்து ஒரு பொட்டலம் வாங்கி, நாங்கள் தங்கியிருந்த அவர்களுடைய பாலக்காட்டு வீட்டுக்கு அனுப்பினார். பிரித்தால் பூஞ்சை. அவள் முகர்ந்து பார்த்துவிட்டு மடித்துவைத்தாள். கூடவே வந்திருந்த அரிசி நூடுல்ஸை அவளுடைய மன்னி சேவை என்று நினைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தாள். அதற்கு மட்டும் என் மனைவி சிரித்தாள்.

சின்னக்கானலுக்குத் திரும்பினோம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் நான் டீ மேக்கராக இருந்தேன். வேதியியலில் பட்டம் பெற்றவன். ஆனாலும் எனக்குச் சம்பளம் நாக்குக்குத்தான். காலையில் வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளிலிருந்து கரண்டியால் உறிஞ்சிக் கொப்பளித்துத் துப்பி, எந்தச் சரக்கு தேறும், எது தேறாது என்று சொல்ல வேண்டும்.

"மலை முழுக்கத் தேயிலை," என்றாள் அவள், சன்னலோரக் கட்டிலில் படுத்தபடி. "திங்கறதுக்கு ஓர் இலை இல்லே."

நாமே செய்து பார்ப்போம் என்று நான் சொன்னது அப்போதுதான். செய்முறை அவள் நினைவில் துண்டுதுண்டாக இருந்தது: இளங்கொழுந்தை ஆவியில் வேகவைத்து, பிழிந்து, மூங்கில் குழாயில் இறுக அடைத்து, வாயை மண்ணால் பூசி, ஈர மண்ணில் புதைக்க வேண்டும். சில மாதங்கள் ஆகும். எத்தனை மாதம் என்பது அவளுக்கு நினைவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

தோட்டத்து இலையில் கொப்புள நோய்க்கான தாமிர மருந்து அடித்திருந்தார்கள். விதைக்காக வெட்டாமல் வளரவிட்ட மரங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தன. அவற்றுக்கு மருந்து கிடையாது. எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்மணி, தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருப்பவர், பல வருடம் கொழுந்து கிள்ளியவர், மடி நிறையப் பறித்து வந்தார்.

"ஆடுகூட வாய் வைக்காத இலைம்மா இது," என்றார் அவர். "எத்தன வருசமாக் கிள்ளுதோம், எங்கள்ல ஒருத்திக்காவது திங்கத் தோணிருக்கா? படிச்சவங்க வீட்லதான் இப்படியெல்லாம் தோணும்."

"ஆடு ரங்கூனுக்குப் போகல்லையே," என்றாள் என் மனைவி.

இட்டிலிப் பானையில் இலை வெந்தது. சமையலறைக்குப் பின்னால், கழிவுநீர் கசியாத மேட்டில் குழி தோண்டினோம். நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து அவள் மேற்பார்வை பார்த்தாள். மேலே ஒரு கல்லை வைத்தபோது, "இன்னும் பெரிய கல்லு," என்றாள்.

அதன்பின் மழைக்காலம். அவளுக்கு முதலில் சோறு செல்லாமல் போயிற்று, பிறகு ரசம், பிறகு கஞ்சியும் பாதி. தாளிக்கும் வாசனை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கல்லை மட்டும் விசாரிப்பாள். மழையில் மண் அரித்ததா, ஏதாவது பிராணி கிளறிற்றா. நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். எங்களுக்குள் அப்போது வேறு பேச்சு அதிகம் இல்லை. இருவருமே களைத்திருந்தோம்.

மழை சற்று விட்ட ஒரு பிற்பகலில், "தோண்டிப் பாருங்கோ," என்றாள்.

காலம் ஆகவில்லை என்பது இருவருக்கும் தெரியும். தோண்டினேன். மண்பூச்சை உடைத்து ஒரு கிள்ளு எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள். பிறகு உள்ளங்கையில் துப்பினாள், தொழிற்சாலையில் நான் துப்புவதைப் போலவே.

"டீ மேக்கர் சார், உங்க சரக்கு தேறல்லை. துவர்ப்பு அப்படியே நிக்கறது. புளிப்பு ஏறணும்."

"இருக்கிறதைக் கொஞ்சம் சாப்பிடேன். எள்ளு வறுத்துத் தரச் சொல்கிறேன்."

"அரைகுறையாத் திங்கறதுக்கா இத்தனை நாள் ஆசைப்பட்டேன்? மூடி வையுங்கோ."

அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் சொல்கிறாள் என்பதை உணர்ந்தேன். மறுபடியும் மண் பூசினேன். அதே குழியில் வைத்து அதே கல்லை ஏற்றினேன். அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீண்டும் மழை பிடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். காரியங்கள் பாலக்காட்டில் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

மலைக்குத் திரும்பி வேலையில் சேர்ந்தேன். கோப்பைகளில் உறிஞ்சினேன், துப்பினேன், தேறும் என்றேன், தேறாது என்றேன். பனி தொடங்கிய பிறகு ஒருநாள், இலை பறித்துத் தந்த அந்த லயத்துப் பெண்மணி வாசற்படியில் நின்றார்.

"அய்யா, அந்த மூங்கிலு. அம்மா மாசக்கணக்குல ஆகும்னாங்களே, இப்ப ஆயிருக்கும்லா? எடுத்துருவமா?"

எடுத்தோம். இலை கறுத்துக் குழைந்திருந்தது. காடி போன்ற ஒரு மணம் எழுந்தது. நான் தோட்டத்துக் கடையில் பூண்டு வாங்கி வந்தேன். "அய்யா வீட்ல பூண்டா!" என்று அவர் வாயில் கை வைத்தார், பிறகு பொன்னிறமாக வறுத்துக் கொடுத்தார். எள்ளும் கடலையும் சேர்த்துப் பிசைந்து ஒரு தட்டில் வைத்தார்.

தின்றேன். முதலில் புளிப்பு, அதன் பின்னால் அடங்கிய ஒரு கசப்பு, விழுங்கியபின் தொண்டையில் லேசான இனிப்பு. கொழுந்து ஒரு மணி நேரம் கூடுதலாக வாடியிருந்தாலும் கோப்பையில் கண்டுபிடித்துவிடுவேன். இது பக்குவமா, அழுகலா, ரங்கூனில் அந்தப் பெட்டியின் நடுவில் இருந்தது இதுதானா, எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு இருந்தவள் ஒருத்திதான். தட்டை அந்தப் பெண்மணியின் பக்கம் நகர்த்தினேன்.

அவர் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். "ஊறுகா கணக்கா இருக்கு. இப்படித்தான் இருக்கணுமா, அய்யா?"

"தெரியாது," என்றேன்.

அவர் இன்னொரு பிடி எடுத்துக்கொண்டார்.