திருக்கையும் தேன் குடிக்கும் குருவியும்

உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் மீன் இலாகா ஆபீஸில் நான் பியூன். கடலடியில் முத்துச்சிப்பி விளையும் முத்துப்பாரில் பாதிச் சிப்பியைக் காணவில்லை, மண்ணெல்லாம் பள்ளமாகக் கிடக்கிறது என்று சேதி வந்தது. பாருக்குக் காவலாள் என் மச்சான் சந்தியாகு. அவனே ஆள் வைத்துத் திருடிவிட்டான் என்று ஆபீஸில் பேச்சு. ருசுவானால் ஜெயில்.

விசாரிக்க மதராஸிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். எங்கள் இருவரையும் முத்துக் குளிக்கும் ஆட்கள் சிலரையும் லாஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டு பாருக்கே போனார். சிப்பி தின்னும் குருவித் திருக்கை மீன்தான் அந்தப் பள்ளங்களைப் பறித்ததோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். மச்சான் முன்னால் ஒரு படப் புத்தகத்தை விரித்தார். தொண்டை சிவந்த குருவி ஒன்று பூவுக்கு நேரே அந்தரத்தில் நின்றது.

“இது அமெரிக்காவுல இருக்கு. கட்டைவிரல் அளவுதான். இறக்கையை விடாம அடிச்சு, ஒரே இடத்துல நின்னு தேன் குடிக்கும். சிப்பி திங்கறப்ப திருக்கையும் இப்படித்தான் நிக்குமா?”

மச்சான் என் பக்கம் திரும்பினான். “ஏலே மாப்ள, கதவு அகலத்துக்குக் கெடக்க மீனுக்கும் கட்டவெரல் குருவிக்கும் என்னலே சம்மந்தம்? ஐயாவுக்கு வெயில் ஒத்துக்கலையோ?”

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்று சொன்னால் தப்பித்துவிடுவான் என்று மட்டும் தோன்றியது. வாய் திறக்கக் கூச்சம். அவன் காலை மிதித்தேன்.

“கால மிதிக்கான் பாருங்கய்யா. அப்படியெல்லாம் நிக்காது. ரெக்க நுனி ரெண்டையும் மண்ணுல ஊனிக்கிட்டு மூஞ்சியால பறிக்கும். கண்ணால பாத்திருக்கேன்.”

ஆபீசர் புத்தகத்தை மூடினார். போச்சு என்று நினைத்தேன்.

அவர் வேறொரு குளியாளைக் கூப்பிட்டு, “பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு பார்த்துட்டு வா” என்று இறக்கினார்.

அவன் கை நிறைய நொறுங்கிய சிப்பி ஓட்டோடு மேலே வந்தான். “ரெண்டு பக்கமும் கோடு கிழிச்சாப்ல தடம் கெடக்குய்யா.”

“திருடன் சிப்பியை மென்னு துப்பமாட்டான்” என்றார் ஆபீசர். மச்சான் அந்த ஓடுகளை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டான்.

திரும்பும்போது தயங்கித் தயங்கி ஆபீசரிடம் கேட்டேன். “குருவி மாதிரி இல்லைன்னுதானய்யா சொன்னான்?”

“ஆமா. இறக்கை நுனியை மண்ணுல ஊனும்னு சொன்னானே, அதனாலதான் எங்க பார்க்கணும்னு தெரிஞ்சுது.”

இன்றும் எனக்கு அது முழுக்க விளங்கவில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதுவும் அதுவும் ஒன்றா என்று மேலதிகாரி கேட்டால், அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். மச்சான் அன்று ஆமாய்யா என்றிருந்தால் ஒருவரும் தடம் தேடியிருக்க மாட்டார்கள்.