நாயுண்ணிக்கே போகும் குருவிகள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொழும்பு ரயில் என்னை மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. இரண்டு மணி நேரத் தாமதம். கொக்கட்டிச்சோலை பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டால், "வரும்" என்றார் கடைக்காரர். வரவில்லை. ஓட்டோ பிடித்தேன். ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர் தூரத்துக்கு இரண்டாயிரம் ரூபா பேசி ஏற்றியவர், மண்முனைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, மண்பாதைக்கு டயர் தாங்காது என்று ஐந்நூறு கூட்டினார். கச்சான் காற்று அனலாக வீசியது. வாதாட எனக்குத் தெம்பில்லை.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு என்னை அழைத்தவள் ரோகிணி. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி, இப்போது விஞ்ஞான ஆசிரியை. வாவியோரத்தில் தகப்பன் விட்டுப்போன இரண்டு ஏக்கர் காணி அவளுக்கும் கனடாவிலுள்ள தம்பி சுரேஷுக்கும் பொது. அது முழுக்க நாயுண்ணிப் பற்றையாகக் கிடந்தது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தீவெங்கும் பரவிய செடி அது. நான்கு வருடங்களுக்கு முன் ரோகிணி அதை வெட்டியெறிந்து, கிளா, வீரை, நாவல் என்று இந்த மண்ணின் மரங்களை நட்டாள். குருவிகள் வரும், பழம் தின்னும், விதை போடும், காடு தானாக வளரும் என்று நம்பினாள். சுரேஷுக்கோ காணியை இறால் பண்ணைக்குக் குத்தகைக்குக் கொடுக்க ஆசை. ஞாயிறு காலை அவன் வீடியோவில் அழைப்பான். பழம் தின்னும் குருவிகளை அவனுக்குக் காட்டவேண்டும். கமராவோடு நான் வந்தது அதற்காகத்தான்.

பிற்பகல் முழுவதும் நாவல் கன்றின் அரைநிழலில் காத்திருந்தோம். கிளா இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. பழங்கள் கறுத்துப் பளபளத்தன. கொண்டைக்குருவிகள் சோடி சோடியாக வந்தன. கிளாவில் குந்தின. சிறகைக் கோதின. பிறகு பக்கத்துக் காணி வேலிக்குப் பறந்தன. அந்த வேலி முழுக்க நாயுண்ணி. மிளகளவு கரும்பழங்களை வயிறாரத் தின்றுவிட்டு, திரும்பி வந்து கிளாவில் குந்தி எச்சமிட்டன.

"பாத்தியாகா," என்றாள் ரோகிணி. "சாப்பாடு அங்க, கக்கூசு இஞ்ச."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கிளாவின் அடியிலும் நாயுண்ணிக் கன்றுகள் புல்லாக முளைத்திருந்தன. அவள் நட்ட மரங்களே நாயுண்ணிக்கு நாற்றுமேடை. ஒரேயொரு குருவி கிளாப்பழத்தைக் கொத்தியது. நான் கமராவைத் தூக்குவதற்குள் அதைக் கீழே போட்டுவிட்டது. அதன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. நாயுண்ணி வருடம் முழுக்கக் காய்க்கும். பழம் அலகுக்கு அளவானது, ஒரே இடத்தில் அள்ள அள்ளக் கிடைக்கும். கிளாவில் பழம் சில மாதங்களுக்குத்தான். பசித்த குருவி செடியின் பூர்வீகத்தை விசாரித்துக்கொண்டிருக்குமா?

மாலையில் ரோகிணி பொறுக்கமாட்டாமல் வேலிக்காரர் தங்கராசாவிடம் போனாள். அவர் சோளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இந்த வேலிய வெட்டினா என்ன? கூலி நான் தாறன்."

"வெட்டலாம் பிள்ள. மாடு இதத் தின்னாது, ஆனையும் வாய் வைக்காது. வெட்டினா என்ட சோளத்துக்கு ஆர் காவல்? உன்ட குருவியா?"

அவர் பேச்சில் ஒரு பிழையும் இல்லை. அதுவே எரிச்சலைக் கூட்டியது.

ஞாயிறு காலை ஏழரைக்குச் சுரேஷ் அழைத்தான். இணைப்பு விட்டுவிட்டு வந்தது. கிளாவில் குந்தியிருந்த குருவியை மட்டும் கிட்டவாகக் காட்டும்படி ரோகிணியிடம் மெல்லச் சொன்னேன். தின்னாவிட்டாலும் தின்பதுபோலத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை வேலிப் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, குருவியெல்லாம் அங்கதான் திங்குது. இஞ்ச வந்து பீச்சுது. நாலு வருசத்து வேல இப்பிடித்தான் கிடக்கு."

திரையில் சுரேஷின் படம் உறைந்து, மறுபடி அசைந்தது.

"அப்ப இறால்காரனுக்குக் குடுப்பமா அக்கா?"

"இல்ல. முந்தி ரெண்டு ஏக்கரும் நாயுண்ணி. இப்ப மிச்சம் ஒரு வேலிதான். கிளாவுக்கும் முள்ளிருக்கு, மாடு பாயாது. வேலியோட ஒட்டி நெருக்கமா நடுவன். அது வளந்து அடைச்சாப் பிறகு நாயுண்ணிய வெட்டலாம். தங்கராசண்ணனிட்ட இனித்தான் கேக்கவேணும்."

"நீ ரெண்டு குருவியக் காட்டி என்ன ஏமாத்தப் பாப்பாய் எண்டுதான் இருந்தனான்," என்றான் சுரேஷ். "இந்த வருசம் இல்லையெண்டு அவனுக்குச் சொல்லுறன். அடுத்த வருசம் திரும்பக் கேப்பன்."

என் முகம் சுட்டது. நல்லவேளை, கைப்பேசி என் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

தங்கராசா வேலியின் கால்வாசிக்கு மட்டும் சம்மதித்தார். "மழைக்கு நடு, பாப்பம்," என்றார். அன்று பகல் முழுவதும் ரோகிணியும் நானும் கிளாக்களின் அடியிலிருந்த கன்றுகளைப் பிடுங்கினோம். முதுகு ஒடிந்தது. பாதிகூட முடியவில்லை.

திங்கள் காலை ரயிலில் திரும்பினேன். எத்தனை தடவை சோப்பு போட்டும் விரல்களிலிருந்து நாயுண்ணியின் நெடி போகவில்லை. கொழும்பில் என் மாடிவீட்டைச் சுற்றிக் குருவிகள் எதைத் தின்கின்றன என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நிம்மதியான வாழ்க்கைதான். வெலிக்கந்தையைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே செம்மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நாயுண்ணி பூத்துக் கிடந்தது. மைல் கணக்கில். பற்றைக்குப் பற்றை கொண்டைக்குருவிகள். ரோகிணிக்குச் சொல்லலாமென்று கைப்பேசியை எடுத்தேன். அந்நேரம் அவள் வகுப்பில் நின்றிருப்பாள், மணியடித்ததும் காணிக்குப் போய்க் குனிவாள். எடுத்ததைப் பையில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.